கிழக்கு பார்த்த சர்வர்

நான் பிடிவாதக்காரி. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பேன் என்றெல்லாம் அளந்துவிடுவேன். என் அக்கா செல்வியின் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நான் விட்டாலும் சொந்தக்காரர்கள் விடுவதாக இல்லை.

2005 வாக்கில் நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து, ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். நெட்வொர்க்கிங் படித்தது மொத்தமே ஆறு மாதம். அந்த ஆறு மாதப் படிப்புக்கு என் தோள்பையில் நாலு ஸ்க்ரூடிரைவர், பத்து சிடி, ஒரு கிரிம்பிங் டூல். (வயர் முனையில் பிளக்கை வைத்து நறுக்கென்று கடிக்க வைக்கும் குறடு அது. பஸ்ஸில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் ஒருத்தனும் இடிக்க மாட்டான்.)

கடையிலிருந்து என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை, மாணிக்கம் அண்ணனின் ஆப்செட் பிரஸ். அங்கே மூன்று விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தன. டிசைனர் தயாளனுக்கு மட்டும் ஒரு மேக். மேக்கில் செய்ததை விண்டோஸ்காரர்கள் திறக்க வேண்டும், விண்டோஸில் அடித்ததை தயாளன் எடுக்க வேண்டும். அதற்காக எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு சர்வர் ஆக்கிக் கொடுத்தேன். இன்டர்நெட்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரும். கண்டவனும் உள்ளே நுழையாமல் இருக்க அதிலேயே ஃபயர்வாலும் வைத்தேன். பெட்டியின் முதுகில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு துளைகள். மஞ்சள் வயர் செருகிய துளை வழியாக வருகிறவர்கள் பிரஸ்காரர்கள், நம்மவர்கள், விடு. சாம்பல் வயர் செருகிய துளை வழியாக வருகிறவன் ஊரான், விடாதே. இவ்வளவுதான் அதற்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தது.

இரண்டு மாதம் அது முனகாமல் ஓடியது. அந்தத் தெம்பில்தான் செல்வியின் கல்யாணப் பத்திரிகையை அதே பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். மாப்பிள்ளை வீடு அரூர் பக்கம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை, ஆயிரம் பிரதி. விஜயதசமி அன்று சாயந்திரம் நாலு மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தன் வந்து அவர்கள் பங்கை வாங்கிக்கொண்டு போய், முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைப்பதாக ஏற்பாடு. "சின்னவ கம்ப்யூட்டர் வேலை செஞ்சு குடுத்த எடம், சொன்ன நேரத்துக்குக் குடுத்துடுவாங்க" என்று அப்பா சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அச்சு இயந்திரம், கட்டிங் மிஷின், கம்ப்யூட்டர்கள், ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்துச் சந்தனம் வைத்தாயிற்று. மாணிக்கம் அண்ணன் என் சர்வரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இது மேக்க பாத்து இருக்குதே."

"அதனால இன்னாண்ணா?"

"படைக்கிறப்ப எல்லாம் கெழக்க பாத்து இருக்கணும். ஆப்செட் மிஷின நவுத்த முடியாது, சாமியே ஒத்துக்கும். இது சின்னப் பொட்டிதான."

நியாயமாகப் பட்டது. பெட்டியை அணைத்து, வயர்களைப் பிடுங்கி, கிழக்கே திருப்பி வைத்து, மறுபடி வயர்களைச் செருகினேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பொரி வந்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபூஜை முடித்து எல்லாவற்றையும் போட்டார்கள். எல்லாம் ஓடின. சர்வர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸுக்கும் தெரியவில்லை, மேக்குக்கும் தெரியவில்லை, இன்டர்நெட்டும் இல்லை. செல்வியின் பத்திரிகை சர்வருக்குள்ளே இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அது பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, போனால்தான் நாலு மணிக்குள் அச்சாகி, மடித்து, கட்டிக் கொடுக்க முடியும்.

"அரை மணி நேரம் குடுங்கண்ணா" என்றேன். (அந்த அரை மணி நேரம் சாயந்திரம் ஐந்து மணி வரை நீடித்தது.)

முதலில் வயரைப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். சர்வரின் முதுகில் இரண்டு துளைக்குப் பக்கத்திலும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. விளக்கு எரிந்தால் வயர் சரி. அடுத்து விண்டோஸைச் சந்தேகப்பட்டேன். மூன்றிலும் நெட்வொர்க் சம்பந்தமான எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, சிடி போட்டுத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொன்றும் நாலு தடவை அணைந்து எழுந்தது. மூன்றும் தங்களுக்குள் நன்றாகக் குசுகுசுத்துக்கொண்டன, சர்வரிடம் மட்டும் பேச மாட்டோம் என்றன. அவற்றின் பெயர்களை மாற்றிப் பார்த்தேன். எண்களை மாற்றிப் பார்த்தேன். வைரஸாக இருக்குமோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் சர்வரிலேயே ஒரு கீபோர்டும் மானிட்டரும் மாட்டி, ஃபயர்வாலையே அணைத்தும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. எனக்கு வெறி ஏறிவிட்டது.

மிச்சம் இருந்தது மேக். நான் அதன் பக்கம் திரும்பியதும் தயாளன் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டார்.

"இதுல மட்டும் கை வக்காதீங்க மேடம். இது நல்லாத்தான் இருக்குது."

"இங்க ஒட்டாம இருக்கிறது இது ஒன்னுதாங்க. மூணு பேரு ஒரு மாதிரி இருந்தா இது மட்டும் வேற மாதிரி. இதுதான் எல்லாத்தையும் கெடுக்குது. ஓட்டுறவரும் அப்படித்தான் இருக்காரு."

தயாளனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. மேக்கை அணைத்து, உறை போட்டு மூடி, சட்டையை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் செய்த தவறுகளில் இதுதான் பெரியது. அந்தப் பிரஸ்ஸில் அச்சுக்குப் போகும் எதையும் கடைசியாக ஒரு கண் பார்த்து அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான்.

மணி பதினொன்றரை. மாணிக்கம் அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டு என்னையே பார்க்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. நெட்வொர்க் இல்லாவிட்டால் என்ன, சர்வரில்தான் கீபோர்டும் மானிட்டரும் இருக்கின்றனவே, பத்திரிகையை ஃபிளாப்பியில் எடுத்து, விண்டோஸில் போட்டு அச்சடித்துவிடலாமே. பார்த்தேன். செல்வி பெயரில் ஏழு ஃபைல்கள் இருந்தன. அதில் ஒன்றின் பெயர் 'ஃபைனல்'. யோசிக்கவே இல்லை, அதை எடுத்தேன். பிரஸ்ஸில் நாலு நாள் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஃபைனல் என்று பெயர் வைத்தது ஒருநாளும் ஃபைனலாக இருக்காது என்று. நான் நாலு நாள் வேலை பார்த்ததில்லை, நாலு மணி நேரம்தான் பார்த்திருந்தேன்.

"தயாளன் வந்து ஒருதபா பாத்துடட்டும்மா" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"எங்க அக்கா பத்திரிகைண்ணா. எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு பெயரையும், இனிஷியலையும், படிப்பையும், முகூர்த்த நேரத்தையும் மூன்று தடவை படித்தேன். எல்லாம் சரி. பன்னிரண்டுக்குப் பிளேட், மூன்றரைக்குக் கட்டு. நாலு மணிக்கு கோவிந்தன் மாமா வந்து, ஒரு பத்திரிகையைப் பிரித்துத் தன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவர்கள் பங்கு ஐந்நூறையும் வாங்கிக்கொண்டு அரூர் பஸ் ஏறினார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஜெயித்தவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். சர்வரைச் சரிசெய்யாமல் போவதில்லை என்று மறுபடி தரையில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குத் தயாளன் கோபம் ஆறி வந்தார். கொஞ்ச நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"மேடம், மஞ்ச வயரு மேலல்ல இருக்கும்? தெனமும் தூசி தட்டுறவன் நானு. நேத்து நீங்க திருப்பி வச்சதுலேர்ந்து அது கீழ இருக்குது."

குனிந்து பார்த்தேன். பொரி வந்த அவசரத்தில் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். விளக்கு எரியத்தான் செய்யும், இரண்டுமே நல்ல வயர்கள்தானே. பாவம் அந்தப் பெட்டி. பிரஸ்காரர்கள் எல்லாரும் ஊரான் வாசலில் வந்து நிற்க, நான் எழுதிக் கொடுத்த விதிப்படி ஒருத்தரையும் உள்ளே விடாமல் காலையிலிருந்து உண்மையாக உழைத்திருக்கிறது. அன்று அந்த அறையில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். நான் ஃபயர்வாலை அணைத்த பிறகும், பதிலை எல்லாம் மஞ்சள் வயர் இருக்க வேண்டிய துளை வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே கேட்க ஆள் இல்லை.

வயர்களை மாற்றிச் செருகினேன். நான் காலையிலிருந்து பாடுபட்டுச் சரிசெய்த மூன்று விண்டோஸும் அப்போதும் சர்வரைக் காணவில்லை என்றன. நான் கை வைக்காத மேக் மட்டும் உடனே கண்டுபிடித்துவிட்டது. தயாளன் பெரிய மனிதர், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செல்வி ஃபைல்களைத் திறந்து பார்த்தார்.

"நீங்க எத எடுத்தீங்க?"

"ஃபைனல்."

அவர் அந்த ஃபைலைத் திறந்தார். "அது போன மாசம் அடிச்ச அடி அண்ணாமலை கல்யாணத்து மேல பேர மாத்துனது மேடம். அதுல பின்பக்கம் மேப்பு மாத்தல."

பத்திரிகையின் முன்பக்கத்தில், திருவண்ணாமலை டவுனில் இருக்கும் எங்கள் மண்டபத்தின் பெயர் சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழிகாட்டும் படம், அம்புக்குறியெல்லாம் போட்டு, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் இருக்கும் வேறொரு மண்டபத்துக்குக் கொண்டுபோனது. எல்லாப் பெயரையும் மூன்று தடவை படித்தவள் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. நானே சரிசெய்வேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். எங்கள் பங்கு ஐந்நூறிலும் சரியான படத்தை அச்சடித்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். (எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் மண்டபம் அத்துப்படி. அவர்களுக்குப் படமே தேவையில்லை.) கோவிந்தன் மாமாவுக்குப் போன் போட்டு, மேப் கொஞ்சம் மாறிப்போச்சு என்று மென்று விழுங்கினேன். "அட, மேப்ப எவம்மா பாக்குறான்? பத்திரிகைய பாதிப் பேருக்குக் குடுத்தாச்சி" என்று அவர் வைத்துவிட்டார். எனக்கும் அந்தப் பதில் போதுமாக இருந்தது.

கல்யாணத்தன்று ஏழரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்துவிட்டார்கள். மீதி சொந்தங்களை விடியற்காலை வேனில் கூட்டி வரும் பொறுப்பு கோவிந்தன் மாமாவுடையது. மாப்பிள்ளை நெற்றியில் கட்ட வேண்டிய பட்டமும் அவர் பையில். ஏழு மணி ஆயிற்று, வேன் வரவில்லை. போன் போட்டால் மாப்பிள்ளை சட்டைப் பையில் மணி அடித்தது. கைப்பேசியை மாமா மருமகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். தாய்மாமன் இல்லாமல் தாலி கட்டக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா மணையருகே நின்று அழுதார். செல்வி அலங்காரத்தோடு என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தைப் படிக்க அவளுக்கு எப்போதும் தெரியும்.

"வசந்தி, நீ இன்னா பண்ண?"

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ ஏறினேன். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு உயிரே இல்லை. அக்கா கல்யாணம் நின்றால் அப்படியே மலையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வராமல் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அடி அண்ணாமலை மண்டபத்து வாசலில் அரூர் வேன் நின்றது. இருபது பேரும் பந்தியில் இருந்தார்கள். கோவிந்தன் மாமா மட்டும் தனி நாற்காலியில், தோளில் புதுத்துண்டோடு, பொங்கலில் மிளகை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான்: வந்து இறங்கிய தாய்மாமனை யாரும் வாசலில் வந்து வரவேற்கவில்லை என்று அவருக்குக் கோபம். மண்டபம் அதிரச் சத்தம் போட்டிருக்கிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பெரியவர் என்றும் நினைத்து, இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டு, துண்டு போர்த்திச் சமாதானம் செய்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

"மாமா, இது நம்ம கல்யாணம் இல்ல" என்றேன்.

"நெனைச்சேன்" என்றார். "நம்ம ஆளுங்க இவ்ளோ மரியாத தெரிஞ்சவங்க இல்லையே."

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டம் கட்டினார். அந்தத் துண்டோடுதான் கட்டினார். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அது பளபளவென்று தெரிகிறது.

இரண்டு வருடம் கழித்து மாமா தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டை என் கையில்தான் கொடுத்தார். நான் பயந்துகொண்டே முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். படம் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது: 'வழி தெரியாதவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், வசந்தியைத் தவிர.'

அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறியது. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா எது நடந்தாலும் பத்திரிகையின் பின்னால் அந்த வரி வந்துவிடுகிறது. இன்று நான் சென்னையில் பெரிய நெட்வொர்க் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் மட்டுமாவது வேண்டாம் என்று மன்றாடினேன். நானே மாணிக்கம் அண்ணன் பிரஸ்ஸுக்குப் போய், முன்பக்கமும் பின்பக்கமும் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அச்சாகி வந்ததில் அந்த வரி இருந்தது. தயாளனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"நீங்க கையெழுத்து போட்டது ஃபைனல்லதான மேடம்" என்றார்.