நிற்க இடம் பார்க்காத பந்தயம்

பூகோள வாத்தியார் பேச்சைக் கேட்டு யாரும் மலைப்பக்கம் போகக்கூடாது. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலையின் உயரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பனிக்கட்டியைக் கண்ணால் பார்த்தது என்னவோ சோடாக் கடையில் மட்டும்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குத் தென்காசியில் வேலை; கல்யாணமாகி நாற்பது நாள். மனைவி கோமதி செங்கோட்டைப் பெண். "சாப்பிட வாங்க", "சரி" இரண்டைத் தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் பேர்போன கோமாளி. என் சரக்கு மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டுப் பார்த்தும் ஒரு தடவைகூட அவள் சிரிக்கவில்லை. ஆனி முடியப் போகிறது. புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக மாமனார் வந்துவிடுவார். சிரிக்காமலே போகிறவள், ஆவணியில் எதை நினைத்துக்கொண்டு திரும்பி வருவாள்? அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. (மூன்றாம் தடவை போட்டது மட்டும்.)

அப்போதுதான் நூலகத்தில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் சிக்கியது. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்கும் பந்தயங்களைப் பற்றிய கட்டுரை. பெரிய பந்தயம் நடத்த ஒரு மலைக்கு என்னென்ன வேண்டும் என்று விலாவாரியாகப் போட்டிருந்தான். உயரம் வேண்டும், நல்ல சரிவு வேண்டும். பனி கெட்டிப்படாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓரத்தில் வலை, நேரம் பார்க்க ஆள், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சாலையும் தங்குமிடமும்.

எனக்குப் புல்லரித்தது. இதெல்லாம் நம்ம குற்றாலத்தில் இருக்கிறதே. ஒரு பந்தயம் நடத்தி ஜெயித்துக் காட்டினால் கோமதி முகத்தில் ஒரு சிரிப்பாவது வராதா? தண்ணீர் தெளிக்கும் வேலையைச் சாரல் பார்த்துக்கொள்ளும். கட்டுரையின் கடைசிப் பத்தி, இறங்கி வருகிறவன் வேகம் தணிந்து நிற்க அடிவாரத்தில் நீளமான சமதரை அவசியம் என்றது. ஒரு மனுஷன் நிற்பதற்கு எதற்குத் தனி இடம் என்று அந்தப் பத்தியை அலட்சியமாகத் தாண்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு புல்சரிவு. பலகைக்குப் பதில் பாக்குமட்டை. பலகையின் அடியில் மெழுகு தேய்ப்பார்களாம். நான் மட்டையின் அடியில் விளக்கெண்ணெய் தடவினேன். பள்ளிக்கூடத்து வாலிபால் வலையை ஒரு பக்கம் கட்டினோம். (மறுபக்கத்துக்கு வலை இல்லை, அந்தப் பக்கம் விழுவதில்லை என்று தீர்மானித்தேன்.) கீழே இரண்டு மரங்களுக்கு நடுவில் எல்லைக்கோடாகக் கோமதியின் சிவப்பு ரிப்பன். கேட்டதும் பேசாமல் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மரத்தடியில் நின்றாள். போட்டிக்குப் பெயர் கொடுத்த மூன்று வாத்தியார்களுக்கும் சரிவைக் கண்டதும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தது. மிச்சம் நான் ஒருவன்.

நேரம் பார்க்க வந்தவன் கணக்கு வாத்தியார் சண்முகம். ரிப்பனுக்கு அப்பால் பாசி படிந்த பாறையும் அதற்குக் கீழே வாய்க்காலும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏலே, எங்கன நிக்கப் போற?"

"ரிப்பனத் தொட்டதும் நின்னுருவேன்லா."

மட்டையில் உட்கார்ந்தேன். சண்முகம் கைக்குட்டையை வீசினான். விளக்கெண்ணெயைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பாதி வழியில் என் வேட்டி பின்தங்கிவிட்டது. (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. மானம் அதற்குள் ஒண்டிக்கொண்டு என்னோடு வந்தது.) ரிப்பனைத் தொட்டேன். ரிப்பன்தான் என்னைப் பிடித்துக்கொண்டு கழுத்தில் மாலையாக ஏறியது, நான் நிற்கவில்லை.

பாறையின் ஓரத்தில் ஒருவர் மணைப்பலகையில் உட்கார்ந்து, குளிப்பதற்கு முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால ரயிலில் வருவதாக எழுதியிருந்த என் மாமனார். காலை ரயிலிலேயே வந்தவர், சாரலில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறார்.

"மாமா" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்தபடியே இருந்திருந்தால் நான் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை வரும்போது மாமனார் உட்கார்ந்திருக்கலாமா? மரியாதைக்காரர். சட்டென்று எழுந்து, எண்ணெய் சொட்டக் கைகூப்பி, "வாங்க மாப்ள" என்றார், சரியாக என் பாதைக்கு நடுவில் நின்றபடி.

வந்தேன்.

அவரும் என்னோடு வந்தார். இருவரும் பாசிப்பாறையில் ஒன்றாகச் சறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. கூப்பிய கையையும் பிரிக்கவில்லை. என் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே ஒரு சத்தம் கேட்டது. கோமதி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடி நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றை அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்பது நாள் பாக்கியையும் சேர்த்துச் சிரித்தாள்.

திட்டுவதற்காகத் திறந்த மாமாவின் வாய் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வரிக்கு மேல இவ கடுதாசி எழுதல மாப்ள. எப்படி இருக்காளோன்னு பயந்துக்கிட்டேதான் ரயிலேறினேன். இது மதி எனக்கு." (‘மதி’ என்றால் போதும். செங்கோட்டைக்காரர், மனசு நிறைந்தால் மலையாளம் எட்டிப் பார்க்கும்.)

சண்முகம் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டதால் பந்தய நேரம் இன்றுவரை தெரியாது.

கோமதி ஆடிக்குப் போனாள். நாலு பக்கத்தில் கடுதாசி எழுதினாள், அதில் மூன்று பக்கம் என் வேட்டியைப் பற்றி. ஆவணி முதல் தேதியே திரும்பி வந்துவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை ஆரம்பித்தாலும் மாமா ஒரு கேள்வி கேட்பார். நான் ஸ்கூட்டர் வாங்கியபோது கேட்டார், என் மகளுக்கு வரன் பார்த்தபோதும் கேட்டார்: "நிக்க எடம் பாத்தாச்சா?" அவர் போன பிறகு அந்தக் கேள்வி கோமதிக்குச் சொத்தாக வந்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு வாசலில் வந்து நின்றேன். அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"இனிமே நிக்க எடம் பாத்தாச்சா?"

"அதெல்லாம் கல்யாணத்தன்னைக்கே பாத்தாச்சு" என்றேன், பெரிய காதல் மன்னன் மாதிரி.

"ஆமா," என்றாள். "ஆனா எங்கப்பாவ இடிச்ச பெறகுல்லா அங்க வந்து நின்னீங்க."