ஒரு வெங்காயத்துக்கு மூன்று மேற்பார்வையாளர்

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டிலிருந்து, இருட்டிய பிறகு, விநோதமான ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பாதி உறுமல், பாதி இருமல், முடிவில் ஒரு "பிளீஸ்". கீழ்வீட்டுக்காரர் முதலில் ஹீட்டர் குழாயைச் சந்தேகித்தார். பிறகு பேயைச் சந்தேகித்தார். எந்தப் பேயும் "பிளீஸ்" சொல்லாது என்பதால் அதையும் கைவிட்டார்.

அது அக்னெஸ். குசினியில் ஒரு கூடை வெங்காயத்தின் முன்னால் நின்று ஆளை அதட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். எல்லாம் விசாவுக்காக.

அக்னெஸ், மகேந்திரராசாவின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் வெட்டுகிறவள். அவளுடைய வேலை அனுமதி கோடையோடு முடிகிறது. தொடர்ந்து இருக்கவேண்டுமானால், தான் செய்வது திறமையுள்ள தொழில்தான் என்று மேன்மைதங்கிய குடிவரவுக் கந்தோருக்கு நிரூபிக்கவேண்டும். தவறினால் அவளும், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற கணவன் மைக்கலும், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் பழகுகிற மகள் அஞ்சலீனாவும் மன்னாருக்குப் பிளேன் ஏறவேண்டும்.

"வெட்டுறது திறமை இல்லைப் பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் குந்தியிருந்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்.

"நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவன், அங்கிள்."

"கண்ணை மூடினாலும் திறமை இல்லை. வேறை ஒருத்தர் வெட்டேக்கை பக்கத்திலை நிண்டு, 'இதென்ன வெட்டு?' எண்டு கேட்டியெண்டால், அது திறமை. அதுக்குப் பேர் மேற்பார்வை."

"எனக்கு ஆரையும் அப்பிடிக் கேட்டுப் பழக்கமில்லையே."

"பழகு. கோடைக்கு இன்னும் நாள் கிடக்கு."

கொன்வென்ட்டில் அவளுக்கு அழகான கையெழுத்தையும், மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கட்டளையிடும் கலையை மட்டும் சிஸ்டர்மார் தங்களோடேயே வைத்துக்கொண்டார்கள்.

மகேந்திரராசா நல்ல மனுசன். கடிதம் கேட்டவுடனே கொடுத்தார். "மேற்படி அம்மணி, உணவு உற்பத்திப் பிரிவின் ஆளணியை வழிநடத்தி, காய்கறிகளின் பருமனை உறுதிசெய்து வருகிறார்." வாசித்த அக்னெஸுக்கு, இவ்வளவு பெரிய மனுசி இருக்கிற கடைக்கு நாளைக்கு எப்படி வேலைக்குப் போவது என்று பயம் வந்தது.

கொத்துரொட்டி போடுகிற ரதீசனுக்கும் அதே கடிதம் தேவைப்பட்டது. ரோல்ஸ் சுருட்டுகிற யோகராணிக்கும் தேவைப்பட்டது. நல்ல மனுசன் ஆள் பார்த்து நல்லவராக இருக்க ஏலாதே. மூவரும் ஒன்றாகவே மேற்பார்வையாளர் ஆனார்கள்.

"அப்ப கீழை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

கடையில் மிஞ்சியிருந்தவர் முதலாளி மட்டும்தான்.

"நான் சிற்றிசன் எடுத்து எத்தினையோ வருசம்," என்றார் மகேந்திரராசா, நன்றாக யோசித்து. "எனக்குத் திறமை இல்லாட்டிலும் ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது. என்னைக் கீழை போடுங்கோ."

மறுக்கமுடியாத தர்க்கம். திறமையில்லாமல் வாழ்வதற்கும் ஒரு குடியுரிமை வேண்டியிருக்கிறது.

ஆக, முதலாளி ஏப்ரன் கட்டி வெங்காயம் வெட்டினார். சம்பளம் வாங்குகிற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ரதீசனுக்கு மேற்பார்வை உடனே பிடித்துக்கொண்டது. "அண்ணை, உது வெங்காயமோ விறகோ?" என்பான். யோகராணி பெருமூச்சாலேயே மேற்பார்த்தாள். அக்னெஸ் மட்டும், "அண்ணை, ஏலுமெண்டால் கொஞ்சம் மெல்லிசாய்... இல்லை, விடுங்கோ, நானே வெட்டுறன்," என்று கத்தியை வாங்கிவிடுவாள்.

"கத்தியைத் தொடாதை பிள்ளை! ஆரும் கண்டால் உன்ரை விசா போச்சு!" என்று மகேந்திரராசா கத்துவார். அந்தக் கடையில் ஒழுங்காக அதட்டத் தெரிந்தவர், கீழே இருந்த அந்த ஒருவர்தான்.

அதனால்தான் வீட்டில் அந்த உறுமல் பயிற்சி. ஒருநாள் அஞ்சலீனா நித்திரையால் எழும்பி வந்து, "மாமோ, வெங்காயம் என்ன குழப்படி செய்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அக்னெஸ் வெங்காயத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்தாள்.

ஒரு காலை, கந்தோரிலிருந்து ஒரு மதாம் வந்தார். கையில் டப்லெட், முகத்தில் அளவான புன்னகை.

"போன்ஜூர். இங்கே மேற்பார்வை நடப்பதாக எங்களுக்குத் தெரியப்படுத்தப்பட்டிருக்கிறது."

"விடியேக்கையிருந்தே நடக்குது, மதாம்," என்றான் ரதீசன்.

மதாம் அவனைத் தாண்டி அக்னெஸைப் பார்த்தார். "நீங்கள் செய்து காட்டுங்கள்."

பலகையில் வெங்காயம் விரல் தடிப்பில் கிடந்தது. அக்னெஸின் கை தன்பாட்டில் கத்தியை நோக்கிப் போனது. வேண்டாம் என்று மகேந்திரராசா கண்ணால் கெஞ்சினார். அவளுக்கு அஞ்சலீனாவின் சின்னச் சப்பாத்துகள் ஞாபகம் வந்தன. அந்தப் பயத்தின் அடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அது அவளுடையதல்ல, கொன்வென்ட் மதருடையது.

"மகேந்திரராசா! நிமிர்ந்து நில்லும்! இதென்ன வேலை? வெட்கமாயில்லை?"

மகேந்திரராசாவும் சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடம் போனவர். நரைத்த மனுசன் கத்தியை வைத்தார், கண்ணை இறுக மூடினார், பிரம்படிக்கு உள்ளங்கையை நீட்டினார்.

இப்படியொரு கீழ்ப்படிவை மதாம் தன் உத்தியோக வாழ்வில் கண்டதில்லை.

"அற்புதம்!" என்று டப்லெட்டில் தட்டினார். "ஐயத்துக்கு இடமில்லாத திறமை. உங்கள் வேலை தகுதி பெறுகிறது. நீங்கள் இங்கேயே இருக்கலாம்."

அக்னெஸ் பழக்கதோஷத்தில், "சொறி," என்றாள். பிறகுதான் "மெர்சி" வந்தது.

"பசிக்கிறது," என்றார் மதாம். "இரண்டு ரோல்ஸ் கிடைக்குமா?"

மூன்று மேற்பார்வையாளர்களும் மகேந்திரராசாவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் நீட்டியபடியே இருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து, பலகைமேல் வைத்தார்.

"அண்ணை, நான் வேணுமெண்டு சொல்லேல்லை..."

"தெரியும் பிள்ளை. நல்லாய்த்தான் செய்தனீ. ஆனால் இது என்ரை கடை. எனக்கும் ஒருக்கால் பதவி உயர்வு வேணும்."

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"இனி யார் ரோல்ஸ் செய்வது?" என்றார் மதாம்.

"நான் செய்யலாம். ஆனால் செய்தால்..." என்று இழுத்தாள் அக்னெஸ்.

"வேண்டாம், வேண்டாம்!" மதாம் பதறிப்போனார். "என் கண்முன்னால் வேலை ஏதும் செய்துவிடாதீர்கள். தட்டியதெல்லாம் அழிக்க வேண்டிவரும்." பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "எங்கள் கந்தோரிலும் இதே கதைதான். கோப்புகளைத் திறந்து வாசிக்க ஒரே ஒருவர் இருந்தார். ஒரு மாடி முழுக்க அவரை மேற்பார்த்தோம்."

"இப்ப அவர் எங்கை?" என்று கேட்டாள் யோகராணி.

மதாம் வாயைத் திறக்குமுன், சாமான் அறைக் கதவுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.