எட்டாவது படம்

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியலையே! கண்ணு போயிடுச்சா?"

கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறைச் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து இப்படி அலறியவர் அன்றைக்கு மூன்றாவது ஆள். அந்த எட்டுப் படங்களையும் எடுத்த ஸ்டுடியோக்காரர் கதவோரம் நின்று பெருமூச்சு விட்டார்.

இருபத்திரண்டு வருடமாக "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பாஸ்போர்ட் போட்டோ எடுத்து அலுத்துப்போனவர் அவர். மீதி நேரத்தில் பொருள்களை ஒட்டிப்போய் நின்று எடுப்பார். சூட்சுமம் சின்னதுதான். ஒரு பொருளின் விளிம்பு படத்தில் விழாதபடி எடுத்தால் அது பெரிதா சிறிதா என்று பிடிபடாது. அளவு பிடிபடாவிட்டால் பெயரும் பிடிபடாது. வாளியின் அடிப்பாகம் நிலாவாகிவிடும், சோப்பு நுரை மேகமாகிவிடும். பெயர் போன பிறகுதான் நிறத்தையும் கோடுகளையும் கண் பார்க்கத் தொடங்கும். இதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைக்காமல்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சுவரைப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டார்.

"நான் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவா, உங்க படத்துக்கு விளக்கம் சொல்லவா? எல்லாத்தையும் கழட்டுங்க சார்."

"பேர் எழுதி ஒட்டிடறேன் டாக்டர். ரெண்டே நாள் கொடுங்க."

ஏழு படங்களுக்கு ஒட்டிவிட்டார். எட்டாவதன் முன்னால் வந்ததும் கை நின்றது. பழுப்பு, சாம்பல், நடுவில் ஒரு பச்சை வளையம். எதை எடுத்தோம்? மனைவிக்கு போன் போட்டார்.

"ஏம்மா, பழுப்பா, நடுவுல பச்சையா நான் என்ன எடுத்தேன்?"

"வீட்டுல நீங்க எடுக்காத மூலை எது? என்னை ஒருநாள் எடுத்திருக்கீங்களா?"

போனை வைத்துவிட்டார். தரை துடைக்கும் அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சார், அந்த எட்டாவது..."

"அதைத் தொடாதீங்கக்கா!"

மறுநாள், பெயர்ச்சீட்டின் பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் மேலும் நான்கு பேர் பயந்துபோனார்கள். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். அது அதைவிட மோசம்.

"நாலு வாரமா நிலான்னு நெனச்சு உருகிட்டிருந்தேன். வாளியோட அடியாமே! கிண்டலா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

ஆனால் எட்டாவதன் முன்னால் மட்டும் ஒரு டீச்சர் அசையாமல் நின்றிருந்தார். "போன வாரம் பார்த்தப்போ இந்தப் பச்சை இவ்வளவு பெருசா இல்ல சார். பார்க்கப் பார்க்க வளருது!"

ஸ்டுடியோக்காரர் டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருத்தருக்காவது புரிந்ததே!

"சார், நான் சொல்ல வந்தது..." என்று அக்கா மறுபடி ஆரம்பித்தார்.

"அப்புறம்கா, அப்புறம்!"

சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வெளியே வந்தார். "போதும் சார். எல்லாத்தையும் இப்பவே கழட்டுங்க."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். எட்டாவதன் மேல் கை வைத்தபோது டாக்டரம்மா தடுத்தார்.

"அது இருக்கட்டும். அதைப் பத்தி ஒரு புகாரும் வரல. உண்மையைச் சொன்னா, நானே தினமும் நின்னு பார்க்கறேன். என் ரூம்ல மாட்டிக்கட்டுமா? என்னது அது?"

இருபத்திரண்டு வருட அலுப்பும் அந்த நிமிடம் தோளிலிருந்து இறங்கியது. ஒன்று போதும். ஒரே ஒன்று.

"அது... பேர் வைக்க முடியாத ஒண்ணு டாக்டர்," என்றார். "தாராளமா எடுத்துக்குங்க."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"ஃபிரேமை வேணா எடுத்துக்குங்க டாக்டரம்மா, படம் வராது. உள்ள இருந்தது அட்டையோட ஊறிப்போச்சுன்னு போன மாசமே நான் எடுத்துப் போட்டுட்டேன். கண்ணாடி வழியா இப்ப தெரியறது குழாய் ஒழுகிப் பாசி பிடிச்ச நம்ம சுவரு!"