கொழுப்புக் கூண்டு

"கட்டுரையில என் பேரும் வரணும், சார்."

சாமுண்டீஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்றே தாட்சாயிணி அக்கா எச்சரித்திருந்தாள். டாக்டர் கஜபதியிடம் லீவு கேள், நல்ல மின்விசிறி கேள், கட்டுரையில் பேர் மட்டும் கேட்காதே. தாட்சாயிணி ஒன்பது வருஷமாகக் கேட்காமல் இருப்பவள். அவள் பேர் இன்னும் எதிலும் வரவில்லை.

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் கூண்டு கழுவிக்கொண்டிருந்த வேம்புலிக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"உனக்குக் கொழுப்பும்மா. முதல்ல எலி குண்டாகட்டும். அப்புறம் பேரைப் பத்திப் பேசலாம்."

அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அதுவரை அவள் பேர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும். அதுவும் ‘சாமந்தீஸ்வரி, ஆண்’ என்று. எலி குண்டாக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

நூம்பலில் வயலை மனையாக்கிக் கட்டிய அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்பது வெள்ளைச் சுண்டெலிகள் இருந்தன. எல்லாமே குடலில் புற்றுக்கட்டி வரக்கூடிய வம்சம். பாதிக்கு டால்டா பிசைந்த தீனி, பாதிக்குச் சாதாத் தீனி. உடம்பு பெருத்தால் கட்டி அதிகமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் வந்து சேர்வதற்குள் வேம்புலி தீனி போட்டு முடித்திருப்பார்.

வேம்புலிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதனால் கூண்டுகளில் இருந்த ஆங்கிலச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டினாள். டால்டா தின்ன வேண்டிய எலிகளுக்குக் ‘கொழுப்பு’. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சாதா எலிகளுக்கு, பாடப்புத்தகத்தில் இருந்தபடி, ‘கட்டுப்பாடு’.

ஒரு மாதம் கழித்து எடை போட்டாள். கட்டுப்பாடு குண்டாகியிருந்தது. கொழுப்பு இளைத்திருந்தது.

தராசு கோளாறு என்றார் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பழுது பார்த்து வந்தாள். திரும்பி வந்த தராசு அதையே இன்னும் துல்லியமாகச் சொன்னது.

டால்டாவை இரண்டு மடங்காக்கச் சொன்னார். ஆக்கினாள். கட்டுப்பாட்டு எலிகள் புரண்டு படுக்கவே யோசித்தன. அப்படியென்றால் சாதாத் தீனியைப் பாதியாக்கு என்றார். ஆக்கினாள். கொழுப்பு எலிகளுக்கு விலா எலும்பை எண்ண முடிந்தது.

தீனி சரியாகத்தான் போடுகிறாரா என்று வேம்புலியைக் கேட்டாள். சீட்டைப் பார்த்துத்தான் போடுவதாகச் சொன்னார். சீட்டு மங்கியிருக்குமோ என்று சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் புதுசாக எழுதி ஒட்டினாள். அதற்கப்புறம் கொழுப்புக் கூண்டைத் தாண்டும்போதெல்லாம் வேம்புலி அதை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

ஆறாம் மாதம் குடலைத் திறந்து பார்த்தார்கள். கட்டுப்பாட்டில் பதினாறு எலிக்குக் கட்டி. கொழுப்பில் மூன்றே மூன்று.

"குண்டானதுக்குத்தான் சார் வந்திருக்கு. நீங்க நெனச்சதுதான் நிஜம்."

"சாதாத் தீனி தின்னு எந்த எலி குண்டாகும்? நீ எலியை மாத்திப் போட்டுட்ட. இதை டில்லி மாநாட்டுல படிச்சா கைகொட்டிச் சிரிப்பாங்க."

மாற்றவில்லை என்பதற்கு ஒவ்வொரு எலியின் காதிலும் அவள் குத்திய அடையாளம் இருந்தது. காட்டினாள். அவர் பார்க்கவில்லை. கட்டுரையின் முதல் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துத் தன் பேரை அடித்தார்.

"பேர் கேட்டியே, வெச்சுக்கோ. இனிமே இது உன் ஒருத்தி பேர்லதான். எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"அதை எழுதிக் குடுங்க சார்."

சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டார். தாட்சாயிணி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாமுண்டீஸ்வரி சாவியை மேஜையில் வைத்தாள். நோட்டையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். இனி இங்கே வருவதில்லை. குண்டான எலிக்குத்தான் கட்டி வந்தது என்று தன் பேரிலேயே எழுதி அனுப்புவது. இரண்டும் முடிவாகிவிட்டது. சாதாத் தீனி எப்படிக் குண்டாக்கியது என்கிற ஒரு வரிதான் குறைந்தது.

கேட்டைத் திறந்துவிட்ட வேம்புலி அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"ஐயா திட்டிட்டாருன்னு மன்சுல வெச்சுக்காதமா. எம்மேலயும் தப்பு கெடையாது. கட்டுப்பாடா கீற பசங்களுக்கு டால்டா, கொழுப்பெடுத்த பசங்களுக்கு வெறுந்தீனி. நீ எழுதி ஒட்டினாப்பலதானே போட்டுகினு வந்தேன்?"