கும் வைத்த பெயர்

அன்புள்ள தம்பி மிலூதினுக்கு,

அண்ணன் ரதிவோயே எழுதுவது. இங்கே பசு, பன்றிகள், பிளம் மரங்கள், அதற்கப்புறம் நாங்கள், எல்லோரும் நலம். வியன்னாவில் உன்னையும் ஹில்டேயையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

நம் மொழி படிக்கும் ஹில்டே 'குமோவாத்தி' என்ற வினைச்சொல்லுக்குப் பொருள் கேட்டாளாம். நான் என்றால் குமுயெம், நீ என்றால் குமுயேஷ், அவர் என்றால் குமுயே. கும்மாக இருப்பது என்று அர்த்தம். அதாவது, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதும், பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திப் பெயர் வைப்பதும். 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத வேலை. கூப்பிடும்போது இரு தரப்பும் ஒருவரையொருவர் 'குமே' என்போம்.

நம் கும் ஸ்ரேதொயே காய்ச்சிய பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, "குமே, இதுல மாட்டக் குளிப்பாட்டலாம்" என்று வாய்க்கொழுப்பில் சொல்லித் தொலைத்தேன், தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனவர்தான், அப்புறம் வழியில் என்னைக் கண்டால் வேலியைப் பார்த்துக்கொண்டு போவார், இதற்கு நடுவில் என் வீட்டுக்காரி விதோசாவாவுக்குப் பெண் பிறந்துவிட்டது, வேறு ஆளைக் கூப்பிடலாமா என்றேன், "தாத்தா காலத்து கும்ம மாத்துவியா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்ப?" என்று பாய்ந்தாள், சரியென்று ரொட்டியும் புட்டியுமாகப் போய் நின்றேன். "வரமாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல, வர்றேன். ஆனா பேரு நான்தான் வைப்பேன், நீ மூச்சு விடக் கூடாது" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஊருக்கு மின்சாரம் வந்த அன்று பிறந்த சொந்த மகளுக்கே எலெக்த்ரா என்று வைத்த மனுஷன்! இப்போது இங்கே உரத் தொழிற்சாலை வேறு கட்டுகிறார்கள். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிரியார், "பேரு?" என்றார். கும் என்னைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"ஆஞ்செலியா."

தம்பி, அழுதே விட்டேன். தேவதையின் பெயர்! விதோசாவா என்னைவிட அதிகம் அழுதாள், பெற்றவள் அல்லவா. கும்மைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தேன். விருந்தில் அவருடைய சாராயத்தையே ஊற்றி ஊற்றிக் குடித்துப் புகழ்ந்தேன்.

"அப்ப மாட்ட எதுல குளிப்பாட்டுவ?" என்றார்.

"அதுக்குத்தான் தண்ணி இருக்கே குமே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் சீக்கிரம் தொட்டில் ஆட வேண்டும். ஆடினால் ஸ்ரேதொயேயையே ரயிலேற்றி அனுப்புகிறேன், அப்படிப்பட்ட தங்கமான மனுஷன். ஹில்டேக்கு என் ஆசிகள்.

அண்ணன்,
ரதிவோயே

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் வண்டிச் சத்தம். மாமியார்! எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊருக்கே தெரியும். எல்லோரும் பேபா, பேபா என்று கூப்பிடுகிற அந்த அம்மாளின் சொந்தப் பெயர் ஆஞ்செலியாவாம்! மருமகன் எனக்குத் தெரியாதது கும்முக்குத் தெரிந்திருக்கிறது. "என் பேரையே வச்சுட்டீங்களே மாப்ள! இனி புள்ளைய நான்தான் வளப்பேன், என் உசுரு இந்த வீட்லதான் போகும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவருடைய மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு பின்னாலேயே கும் வருகிறார்.

"குமே, இத எந்த ரூம்ல போடணும்?"