ஆறாம் புத்தகத்தால் முறிந்த சம்பந்தம்

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான ரிச்சர்ட் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஞானையா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே கிருபையால் யாவரும் சுகம். என் இரத்த அழுத்தத்தை மட்டும் கிருபை இன்னும் எட்டவில்லை. சேரன்மகாதேவியில் நீங்களும் அக்காளும் சுகம்தானே? இதை வாட்ஸப்பில் அனுப்பினால் அக்காள் சபை முழுவதற்கும் அனுப்பிவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் நேற்று முறிந்துவிட்டது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மாப்பிள்ளைப் பையன் ஹெப்ரானும் அவன் அப்பா அருமைநாயகமும் வந்தார்கள், ஜெபித்தோம், என் வீட்டுக்காரி சாலோமி வாழைக்காய் பஜ்ஜி வைத்தாள், பையனும் நம் பிரிஸில்லாவும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், எனக்குப் பாதிக் கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது, அப்போது அவன் கண் அலமாரியில் 'மேகத்துறை' புத்தகங்கள்மேல் விழுந்தது. அது சிறுபிள்ளைகளுக்கான மாயாஜாலக் கதை, அத்தான். ஏழு புத்தகம். வானத்தில் ஒரு துறைமுகம், அங்கே கப்பலோட்டும் ஒரு கழுதை. கல்லூரியில் பாடம் நடத்துகிற நம் பிள்ளை வீட்டில் வாசிப்பது இதைத்தான். பையனும் வாசித்திருக்கிறான் என்றதும் நான் "அல்லேலூயா" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"ஆறாவதுல இருந்துதான ஆரம்பிச்சிய?" என்று கேட்டான். துறைமுகம் உண்டான கதை ஆறாம் புத்தகத்தில்தான் வருகிறதாம். ஆகவே அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டுமாம்.

பிரிஸில்லா முகம் மாறிவிட்டது. "வெளிவந்த வரிசையிலதான் வாசிக்கணும். ஆறாவதை முதல்ல வாசிச்சா, கழுதை யாருன்னு அங்கனயே தெரிஞ்சு போயிருமே!"

அருமைநாயகம் சமாதானம் பண்ண வந்தார். "வேதத்துலயே ஆதியாகமந்தானம்மா முதல்ல?"

"மாமா, சின்னப்பிள்ளைல இவுகளுக்கு நீங்க முதல்ல சொன்னது ஏதேன் தோட்டமா, கிறிஸ்மஸ் கதையா?"

நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்து, "கிறிஸ்மஸ்தான்" என்றார்.

"எப்பா, நீங்க யாரு பக்கம்?" என்று பையன் எழுந்துவிட்டான். எழுந்தவன் சும்மா போகாமல், "மூணாவது புத்தகம் வெறும் அறுவை" என்றும் சொல்லித் தொலைத்தான். அதுதான் இவளுக்கு உயிராம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பைய கெளம்புங்க" என்றாள் நம் பிள்ளை. பஜ்ஜியைப் பொட்டலம் கட்டவா என்று சாலோமி கேட்பதற்குள் இருவரும் படி இறங்கிவிட்டார்கள்.

"ஏளா, கழுதைக்காகவா கல்யாணத்தை விடுதே?" என்று கத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

அத்தான், நீங்கள் உடனே புறப்பட்டுப் போய் அருமைநாயகம் கையைப் பிடித்தாவது இதை ஒட்டவைக்க வேண்டும். பையன் தங்கமானவன். எந்த வரிசையில் வாசித்தால் என்ன, கழுதை கழுதைதானே?

சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டிலாவது தங்கியிருப்பாராக. அக்காளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஞானையா

பி.கு.: ஞாயிறு, ஆராதனை முடிந்து. நீங்கள் எங்கும் போக வேண்டாம். இருவரும் போனில் பேசிச் சமாதானமாகிவிட்டார்கள். அவள் வரிசையில் அவனும், அவன் வரிசையில் அவளும் மறுபடி வாசிக்கப் போகிறார்களாம். இப்போது சம்மதிக்காதவன் நான். அப்படி என்னதான் இருக்கிறது என்று மூன்றாம் புத்தகத்தைப் புரட்டினேன். கப்பல் முழுகும்போது எல்லாரையும் கரையேற்றிவிட்டு, கழுதையார் அவர் ஒருவர் மட்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே அத்தான், எங்கள் அப்பா அடக்கத்தில்கூட நான் இப்படி அழவில்லை. அதை அறுவை என்றவனுக்கு என் பிள்ளையைத் தருவதற்கில்லை.