ஒவ்வொண்ணுலயும் எல்லாமே இருக்குதுங்க

என் வேலையை யாரும் பறிக்கவில்லை. நானே வாயால் கெடுத்துக்கொண்டேன். அதற்கு மூன்றே வார்த்தை போதுமாக இருந்தது.

துடியலூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு. முதலாளிகள் அண்ணன் தம்பி மூன்று பேர். பழைய சர்வர் வாரம் ஒருமுறை படுத்துவிடும். (அதைத் தட்டி எழுப்புவதுதான் என் உத்தியோகம்.) வெளியே கிளவுடில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம பம்பு டிராயிங்கெல்லாம் எவனோ ஊட்டுல கெடக்கோணுமாங்க தம்பி? கண்ணு முன்னாடி இருக்கோணும்."

சரி, சொந்த கிளவுட். மாதக்கணக்கில் படித்து, ஹைப்பர்கன்வர்ஜ்டு என்ற சாமானைத் தேர்ந்தெடுத்தேன். சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் என்று தனித்தனியாக வாங்க வேண்டாம். ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடக்கம். அப்படி மூன்று பெட்டிகளைப் பிணைத்தால் ஒரே இயந்திரமாக ஓடும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும்.

இதை இப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம். சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு மூவர் முன்னாலும் நின்று, "மூணு பெட்டிங்க. ஒவ்வொண்ணுலயும் எல்லாமே இருக்குதுங்க" என்றேன். தனியாக பேக்கப் வேண்டாமா என்று சின்னவர் கேட்டார். மூன்று இருக்கும்போது எதற்கு என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே அறையலாம்.

பெட்டிகள் வந்தன; பழைய சர்வர் காயலான் கடைக்குப் போனது. அடுத்த வருடம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். மச்சினன் கல்யாணத்துக்கு நான் அவிநாசி போயிருந்த இரண்டு நாளில் லேத், லாரி, நாற்காலி எல்லாம் மூன்றாகப் போயின. திரும்பி வந்து சர்வர் அறையைத் திறந்தேன். ரேக் காலி. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டமுங்க" என்றார் பெரியவர். "நீங்கதானுங்க தம்பி சொன்னீங்க, ஒவ்வொண்ணுலயும் எல்லாமே இருக்குதுன்னு."

தனிப்பெட்டியில் ஒன்றும் ஓடாது. இரண்டாமவர் அதற்குள் தன் பெட்டியை முழுசாக அழித்து, வேறு எதையோ ஏற்றிவிட்டார். மற்ற இரண்டையும் சேர்த்தால் டிராயிங் அத்தனையும் திரும்ப வரும். பெரியவரிடம் கெஞ்சினேன். சின்னவன் கொண்டுவரட்டும் என்றார். சின்னவரைத் தேடிச் சரவணம்பட்டி போனேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"என்ற பெட்டி அவரு ஊட்டு வாசப்படி மிதிக்காதுங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என் கழுத்தை அறுத்ததில்லை. டிராயிங் இல்லாமல் பட்டறை நின்றது. ஆட்கள் வேறு வேலை தேடினார்கள். நானும் தேடினேன்.

இரண்டு பெட்டிகளும் இன்னும் இருக்கின்றன, அரை மணி நேரப் பயணத் தூரத்தில். சேர்த்தால் உயிர் வரும். சேர்க்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் தேங்காய் பன் வாங்கினால், மகளுக்கும் சேர்த்து மூன்று துண்டு போடுவாள் என் மனைவி. தேங்காயே இல்லாத ஓரம் எப்போதும் எனக்குத்தான் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சாப்பிடுங்க" என்றாள். "ஒவ்வொண்ணுலயும் எல்லாமே இருக்குதுங்க."